திருடிய நேரம்: சுய முன்னேற்றமும் படைப்புழைப்பும் பற்றிச் சில விவாதக் குறிப்புகள்

1

'சுய வளர்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் நம் வட்டாரத்தில் இரண்டு விதமான முகச்சுளிப்புகளைப் பார்க்கலாம். இலக்கியவாதி அதை ரயில் நிலையப் புத்தகக் கடைச் சரக்கு என்று ஒதுக்குவார். இயக்கத் தோழர் அதைக் குட்டி முதலாளித்துவத் தன்முனைப்பு என்பார். அத்தோடு விஷயம் முடிந்துபோனதாக இரண்டு பேருமே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கூட்டம் கலைந்து டீக்கடையில் நிற்கும்போது இதே ஆட்கள் என்ன பேசுகிறார்கள்? "பத்து வருஷமா ஒண்ணும் எழுத முடியல தோழர்." "வேலை, வீடு, சங்கம்னு ஓடிக்கிட்டே இருக்கேன். எனக்குன்னு என்ன செஞ்சேன்னு கேட்டா பதில் இல்ல." முன்வாசலில் விரட்டிய கேள்வி கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேடையில் பேசத் தகாததாகவும் டீக்கடையில் தவிர்க்க முடியாததாகவும் இருக்கிற ஒரு கேள்வியை விமர்சனம் எடுத்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுய முன்னேற்றச் சொல்லாடல் 'நான்' என்பதை ஒரு முதலீடாகப் பாவிக்கிறது. அதை எதிர்க்கிற நம் அமைப்புசார் சொல்லாடலோ 'நான்' என்பதை ஒரு கருவியாகப் பாவிக்கிறது. ஒன்று வட்டியை எதிர்பார்க்கிறது, இன்னொன்று பயன்பாட்டை. இரண்டும் சேர்ந்து மறைக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அது நேரம். ஒருவர் யாருடைய நேரத்தில் படைக்கிறார், அந்த நேரம் எங்கிருந்து வந்தது, அவர் செய்த வேலை வேறு யாருக்காவது நேரத்தைத் திறந்துவிட்டதா என்கிற கேள்விகளை இரண்டு தரப்பும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் 'அர்த்தமுள்ள படைப்பு' என்று பேசுவதெல்லாம் வெறும் உபதேசம்.

2

சுய முன்னேற்ற நூல் வகைமைக்கு ஒரு தொடக்கப் பிரதி உண்டு. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்'. அது 1859இல் வந்தது. டார்வினின் உயிரினங்களின் தோற்றம் குறித்த நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. 'போட்டியில் வலுத்தவன் நிலைப்பான்' என்று பின்னாளில் இரண்டையும் ஒன்றாக்கிப் படித்தவர்களுக்கு வசதியான ஆண்டு. உழைத்து மேலே வந்த கண்டுபிடிப்பாளர்கள், பொறியாளர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளால் நிறைந்த புத்தகம் அது. முதலாண்டிலேயே இருபதாயிரம் பிரதிகள் போயின.

இதன் பிறப்புக் கதை சுவாரசியமானது. அந்தக் கதையை ஸ்மைல்ஸே தன் நூலின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், 1840களில், இரண்டு மூன்று ஏழை இளைஞர்கள் குளிர்கால மாலைகளில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். ஒருவன் குடிசையில் ஓர் அறை. ஆள் சேரச் சேர இடம் போதவில்லை. கோடையில் தோட்டத்தில் உட்கார்கிறார்கள். கடைசியில் ஒரு பெரிய அழுக்கடைந்த கூடத்தை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். அது காலராக் காலத்தில் தற்காலிக ஆஸ்பத்திரியாக இருந்த இடம். பயந்துபோய் வேறு யாரும் குடிவராததால் இவர்களுக்குக் கிடைத்தது. கொஞ்சம் தெரிந்தவன் அதைவிடக் கொஞ்சம் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே நடைமுறை. எழுத்து, கணக்கு, வேதியியல், அந்நிய மொழி என்று எல்லாமே அப்படித்தான் நடந்தது. சுமார் நூறு பேர் ஆனதும் ஸ்மைல்ஸைப் பேச அழைக்கிறார்கள். அவர் அப்போது சீர்திருத்த இயக்கத்தோடு தொடர்புள்ள பத்திரிகையாளர். அந்த உரைகளிலிருந்துதான் புத்தகம் முளைத்தது.

இந்த மாதிரியான அமைப்புகளுக்கு அன்றைக்கு இருந்த பொதுப் பெயர் 'பரஸ்பர முன்னேற்றச் சங்கம்'. அதிலிருந்து பிறந்த புத்தகத்தின் பெயரோ 'சுய உதவி'. பரஸ்பரம் போய்ச் சுயம் வந்தது. காலராக் கூடத்தில் நடந்த கூட்டுச் செயல்பாடு, புத்தக அட்டைக்கு வரும்போது தனிமனித சாதனையாக மாறிவிட்டது. ஸ்மைல்ஸுக்கே இது உறுத்தியிருக்கிறது. இந்தத் தலைப்பு துரதிர்ஷ்டவசமானது, சுயநலத்துக்குப் பாடிய வாழ்த்து என்று நினைத்துவிடுகிறார்கள் என்கிற பொருளில் அவர் பின்னர் ஒரு பதிப்பின் முன்னுரையில் அங்கலாய்த்திருக்கிறார். அதற்குள் தலைப்பு தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

தமிழில் அப்துற் றஹீம், தமிழ்வாணன், எம்.எஸ். உதயமூர்த்தி என்று இந்த வகைமைக்கு ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. இவற்றைக் கேலி செய்வது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்த பல பேருக்கு, 'உன்னால் முடியும்' என்று சொன்ன ஒரே குரல் அந்தப் புத்தகங்கள்தான். நவீன இலக்கியம் அவர்களிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனவே அந்த வாசகனை நோக்கி எனக்கு எந்தப் பரிகாசமும் இல்லை. என் கேள்வி அந்தச் சொல்லாடலை நோக்கியது. "உன்னால் முடியும்" என்ற வாக்கியத்தில் எழுவாய் ஏன் எப்போதும் ஒருமையிலேயே இருக்கிறது?

3

இருபதாம் நூற்றாண்டில் இதே விஷயத்துக்கு உளவியலின் அங்கீகாரம் கிடைத்தது. ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் வெளியிட்ட கட்டுரையில் மனிதத் தேவைகளை ஒரு படிவரிசையாக வைத்தார். சோறு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு எல்லாம் கிடைத்த பிறகு உச்சியில் 'தன்னை நிறைவேற்றிக்கொள்ளுதல்'. மேலாண்மைப் பாடப்புத்தகங்களில் முக்கோணமாக வரைந்திருப்பார்களே, அதுதான். அந்த முக்கோணத்தை மாஸ்லோ வரையவில்லை. அவரது கருத்தை எடுத்துக்கொண்ட நிர்வாகவியலாளர்கள் வரைந்தது. கீழ்ப்படி நிறைவடையாமலே படைப்புக்குப் போகிறவர்கள் உண்டு என்று அவரே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் படம் நிலைத்தது, விதிவிலக்கு காணாமல்போனது.

அந்தப் படம் நமக்குச் சொல்வது என்ன? முதலில் சோறு, அப்புறம்தான் கவிதை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இடதுசாரிகளுக்குக்கூட இது உவப்பான கருத்து. ஆனால் இதன் உள்ளே ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. பசித்தவனுக்குப் படைப்பு ஆசை இருக்காது, இருக்கக் கூடாது, இருந்தால் அது அகாலமானது என்கிற படிநிலை. உச்சியில் இருக்கிறவருக்கு நிறைவு, அடியில் இருக்கிறவருக்குத் தேவை. முக்கோணமும் சாதி அடுக்கும் ஒன்றல்ல. ஆனாலும் யார் எந்தத் தட்டில் நின்று எதை ஆசைப்படலாம் என்று வரையறுப்பதில் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை தென்படுகிறது.

இதற்கு நேர் எதிரான கட்டுக்கதை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. வறுமைதான் படைப்பை வடித்துத் தரும் என்கிற கதை. புதுமைப்பித்தன் சினிமா வேலையாகப் புனே போய், காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று 42 வயதில் செத்துப்போனதை நாம் ஏதோ புராணத்தின் கடைசிக் காண்டம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் புராணம் ஒன்றும் இல்லை. காசும் மருந்தும் நேரமும் இல்லாமல்போனதால் எழுதப்படாமல் நின்றுபோன கதைகள்தான் அதில் இருக்கின்றன. வறுமை அவரை எழுதவைக்கவில்லை. வறுமையையும் மீறி அவர் எழுதினார். இந்த வித்தியாசத்தைத் தொலைத்துவிட்டால், சம்பளம் கொடுக்காத பதிப்பாளருக்கும் ராயல்டி கொடுக்காத முதலாளிக்கும் நாமே தத்துவம் சமைத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆக, 'வயிறு நிறைந்த பிறகு படைப்பு' என்பதும் பொய், 'வயிறு காய்ந்தால் படைப்பு' என்பதும் பொய். இரண்டையும் விட்டுவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று ஆவணங்களில் பார்க்கலாம்.

4

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் ரான்சியேர் 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் 'பாட்டாளிகளின் இரவு' என்று சொல்லலாம். 1830களிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் பிரான்சில் வாழ்ந்த தச்சர்கள், தையற்காரர்கள், செருப்புத் தைப்போர், அச்சுக்கோப்போர் ஆகியோர் எழுதிய கடிதங்கள், கவிதைகள், பத்திரிகைகளை ஆவணக் காப்பகத்தில் தேடிப் படித்து எழுதிய நூல். வர்க்க உணர்வின் ஆரம்பகாலக் குரலைக் கேட்கலாம் என்று தேடிப் போகிறவர்களுக்கு அதில் அதிர்ச்சி காத்திருக்கிறது. அந்தத் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பின் பெருமையைப் பாடவில்லை. அந்த உழைப்பு தங்கள் வாழ்நாளைத் தின்பதைப் பற்றித்தான் புலம்பினார்கள். மறுநாள் வேலைக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தூங்க வேண்டிய இரவில் தூங்காமல், கவிதை எழுதினார்கள், தத்துவம் விவாதித்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். பகலில் உழைப்பது, இரவில் தூங்குவது என்கிற சுழற்சியை உடைத்ததுதான் அவர்களது முதல் கலகம் என்கிறார் ரான்சியேர்.

இவர்களில் ஒருவர் லூயி கப்ரியேல் கோனி. 1806இல் பிறந்த தச்சர். மரத்தளம் பாவுகிற ஒருவனின் வேலைநாளைப் பற்றி அவர் எழுதிய ஒரு பதிவு, 1848 புரட்சிக் காலத்தில் ஒரு தொழிலாளர் பத்திரிகையில் வெளியானது. தினக்கூலிக்குப் பதிலாக ஒப்பந்த வேலை செய்கிறவன் அவன். வருமானம் நிச்சயமில்லை, ஆனால் தலைக்குமேல் மேஸ்திரி இல்லை. யாரோ ஒரு பணக்காரனுக்காகத் தளம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கையை நிறுத்தி ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறான். தோட்டமும் தூரமும் தெரிகிறது. வீட்டுக்காரனைவிட அந்தக் காட்சியை அவன்தான் முழுமையாக அனுபவிக்கிறான். அவ்வளவுதான் விஷயம். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். வேலைக்குக் கொடுத்த உடம்பிலிருந்து பார்வையை மட்டும் கொஞ்ச நேரம் மீட்டு எடுத்துக்கொள்கிறான்.

இதை ஏமாற்று என்று சொல்லலாம். வீடு அவனுடையதாகவில்லையே, சுரண்டல் நிற்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் இதை வேறு மாதிரிப் படிக்கிறேன். நீ கை மட்டும்தான் என்று ஓர் ஒழுங்கு அவனுக்குச் சொல்லியிருக்கிறது. அவன் அந்த ஒழுங்கை ஜன்னலருகே ஒரு நிமிஷம் மறுக்கிறான். இதே கோனி செலவைக் குறைத்துக் குறைத்து, எவ்வளவு குறைவாகத் தன்னை விற்றால் வாழ முடியும் என்று கணக்குப் போட்டவர். சுய முன்னேற்றப் புத்தகம் உன் விலையை எப்படிக் கூட்டுவது என்று சொல்லித்தருகிறது. கோனியின் கணக்கோ எவ்வளவு மிச்சத்தை விற்காமல் வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியது. 'வளர்ச்சி' என்ற சொல்லுக்கு இரண்டு எதிரெதிர்த் திசைகள் இருக்கின்றன என்பது இங்கே துலக்கமாகிறது.

அந்தக் காலத்துப் பெரிய எழுத்தாளர்களுக்கு இந்தத் தொழிலாளர் கவிகள் மேல் அன்பும் இருந்தது, சங்கடமும் இருந்தது. செருப்புத் தைக்கும் கவிஞர் ஒருவருக்கு விக்டர் ஹ்யூகோ எழுதிய பாராட்டில், நீங்கள் என்னவாக இருக்கிறீர்களோ அப்படியே கவிஞராகவும் தொழிலாளியாகவும் தொடர்ந்து இருங்கள் என்கிற சாரத்தில் அறிவுரை சொல்கிறார். பாராட்டுதான். ஆனால் பாருங்கள், அது ஆளை இருக்கிற இடத்திலேயே ஆணியடிக்கிற பாராட்டு.

இது நமக்குப் பழக்கமான சங்கதி இல்லையா? பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண், பேச்சுத் தமிழை அப்படியே எழுத்துக்குக் கொண்டுவந்து, தன்வரலாறு என்கிற வடிவத்தையே கலைத்துப் போட்டார். அதற்கு நம் விமர்சகர்கள் கொடுத்த சான்றிதழ் என்ன? 'அனுபவத்தின் உண்மை', 'மண்ணின் மணம்'. மொழியில் அவர் செய்த வேலையை வேலை என்று பார்க்கவில்லை. வாழ்க்கை தானாக வழிந்து காகிதத்தில் விழுந்த மாதிரிப் பேசினோம். தலித் எழுத்தாளரிடம் அனுபவத்தைக் கேட்போம், கோட்பாட்டை வேறு ஆளிடம் கேட்போம். பெண்ணிடம் வலியைக் கேட்போம், வடிவத்தைப் பற்றி ஆணிடம் கேட்போம். இது ஹ்யூகோவின் கடிதத்துக்குத் தமிழ்ப் பதிப்பு. ஒருவர் வளர்வதை நாம் விரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே, அவர் எதுவாக வளர வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

5

கோனிக்கு இரவு இருந்தது. இரவும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

கிழக்கு வங்காளத்தின் ராஸசுந்தரி தேவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வசதியான ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். வங்க மொழியில் ஒரு பெண் எழுதிய முதல் தன்வரலாறு என்று சொல்லப்படும், 'என் வாழ்க்கை' என்று பொருள்படும் 'ஆமார் ஜீபன்' அவர் எழுதியது. படித்த பெண் விதவையாவாள் என்று நம்பிய காலம். வீட்டில் யாரும் அவருக்கு எழுத்துச் சொல்லித்தரவில்லை. ஒருநாள் 'சைதன்ய பாகவத'ச் சுவடியைக் கணவர் வெளியே எடுத்து வைக்க, அதிலிருந்து ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்து வைக்கிறார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார். ஓலையிலுள்ள எழுத்தையும் ஏட்டிலுள்ள எழுத்தையும், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் காதில் விழுந்த ஒலியையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, அடுப்பு வேலைக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல் வாசிக்கக் கற்கிறார். எழுதக் கற்றது பல ஆண்டுகள் கழித்து. வாசிப்பதை ஒளித்துச் செய்யலாம். தாளும் மையும் பேனாவும் கொண்டு எழுதுவதை ஒளிக்க முடியுமா?

இதைச் 'சுய முன்னேற்றம்' என்று சொல்லலாமா? யாரும் கற்றுத்தராத நிலையில் தானே கற்றவர் என்ற வகையில் இதைவிடச் 'சுய'மான முன்னேற்றம் கிடையாது. ஆனால் இதை எந்த மேலாண்மை வகுப்பிலும் உதாரணமாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் இந்தக் கதையில் வினைச்சொல் 'திருடினாள்' என்பது. ஏட்டைத் திருடினார், ஓலையைத் திருடினார், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னுடைய நேரத்தையே அந்த வீட்டிலிருந்து திருடினார். தன்னுடையதைத் தானே திருட வேண்டியிருப்பதுதான் ஒடுக்குமுறையின் இலக்கணம்.

இது பழங்கதை இல்லை. துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த சல்மா, பூப்படைந்த வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்குத் தடை. கழிப்பறையில் மறைந்து நின்று எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்கள் அவரது தாயார் வழியாக வீட்டை விட்டு வெளியே போயின. வேறு பெயரில் அச்சேறின. 2000இல் முதல் தொகுப்பு 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 'தனக்கென்று ஓர் அறை' என்று வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் கேட்டாரே, அந்த அறை இங்கே கிடைத்தது இப்படித்தான். தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை கழிப்பறை.

வூல்ஃபின் கோரிக்கை சரியானது. ஆண்டுக்கு ஐந்நூறு பவுனும் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்று, படைப்பைப் பணத்தோடும் சுவரோடும் சேர்த்துப் பேசியது பெரிய துணிச்சல். ஆனால் அந்த அறைக்கு வெளியே இன்னொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நெல்லி பாக்ஸால் என்ற சமையற்காரி, 1916 முதல் 1934 வரை பதினெட்டு வருஷம் வூல்ஃப் வீட்டில் வேலை பார்த்தவர். அந்த மகத்தான நாவல்கள் பலவும் எழுதப்பட்ட காலம் அது. இதைச் சொல்வது வூல்ஃபைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. ஓர் அறையின் கதவு சாத்தப்பட்டால், அதைச் சாத்தி வைக்கிற உழைப்பு இன்னொரு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக.

வூல்ஃப் வரைக்கும் ஏன் போக வேண்டும்? நம் சிறுபத்திரிகை வரலாற்றின் பிரியமான வாக்கியம் ஒன்று உண்டு: "மனைவியின் நகையை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தினார்." ஆசிரியரின் தியாகத்துக்கு ஆதாரமாக இதைத்தான் காட்டுகிறோம். நகை யாருடையது? அது மீட்கப்பட்டதா? அந்த அம்மாள் அந்தப் பத்திரிகையில் ஒரு பக்கமாவது படித்தாரா, எழுத விரும்பினாரா? வரலாறு எழுதுகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை. 2019ஆம் ஆண்டுக்கான மைய அரசின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டுவேலை செய்கிறவர்கள் செலவிடுவது 97 நிமிஷம். இந்த இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். தமிழில் ஏன் பெண் நாவலாசிரியர்கள் குறைவு என்று கருத்தரங்கம் போடுவதற்கு முன்னால் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுவிடலாம்.

6

'படைப்பூக்கம்' என்பது இன்றைக்கு எதிர்ப்பின் சொல்லாக மட்டும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. லுக் போல்தான்ஸ்கியும் ஈவ் சியாப்பெல்லோவும் 1999இல் வெளியிட்ட 'முதலாளித்துவத்தின் புதிய ஆன்மா' என்ற நூலில், 1960களின் நிர்வாகவியல் நூல்களையும் 1990களின் நிர்வாகவியல் நூல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1968 மே கிளர்ச்சியில் மாணவர்களும் கலைஞர்களும் முதலாளியத்தை நோக்கி வைத்த குற்றச்சாட்டு: இது சலிப்பூட்டுகிறது, படைப்பைக் கொல்கிறது, சுதந்திரம் தரவில்லை. முதலாளியம் இந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டது! 'சரி, படைப்பாற்றலோடு இரு, சுயமாக இரு, நெகிழ்வாக இரு' என்றது. அதற்கு விலையாக வேலைப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டது. கலைஞனின் கோரிக்கையை நிறைவேற்றுகிற பாவனையில் தொழிலாளியின் கோரிக்கையைக் கொன்றது.

அந்த ஏற்பாட்டின் பிரஜைகள்தான் நாம். மென்பொருள் அலுவலகச் சுவரில் 'உன் கனவைப் பின்தொடர்' என்று எழுதியிருக்கிறது. ஒப்பந்த ஊழியருக்கு அதே அலுவலகத்தில் அடுத்த மாத வேலை நிச்சயமில்லை. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் கவிஞர், நாள் பூராவும் விற்றுத் தீர்த்த அதே மொழியை இரவில் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. கோனியின் கைதான் விற்கப்பட்டது, கண் மிச்சம் இருந்தது. இன்றைக்குக் கண்ணையும் கற்பனையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். அதனால் ஆளுமை மேம்பாடு பற்றி நம்மிடம் யாராவது பேசும்போது, இந்த ஆளுமை மேம்பட்டு யாருக்கு விற்பனையாகப் போகிறது என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

இதனால்தான் நேரம் பற்றிய போராட்டம் படைப்பு பற்றிய போராட்டமாகவும் இருக்கிறது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, மிச்சம் எட்டு மணி நம் இஷ்டத்துக்கு என்பதுதான் அந்தப் பழைய முழக்கம். மூன்றாவது எட்டைப் பற்றி நம் தொழிற்சங்கங்களும் பேசவில்லை, இலக்கியவாதிகளும் பேசவில்லை. சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923இல். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் முதலில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்து நாட்களில், இது எங்கள் பிரச்சினை என்று பேசிய இலக்கிய மேடைகள் எத்தனை? எழுதப்படாத நூல்கள் எல்லாம் அந்த நாலு மணி நேரத்துக்குள்தான் புதைந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லையே, ஏன்?

7

இனி என்ன செய்யலாம்? நான் கொள்கை அறிக்கை எதுவும் தயாரிக்கவில்லை. ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதிலிருந்து சில முன்மொழிவுகளுக்குப் போகிறேன்.

மனோரஞ்சன் பியாபாரி, கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்த நாமசூத்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். நக்சல் இயக்கத் தொடர்பில் சிறைக்குப் போய், அங்கேதான் எழுத்து கற்றார். வெளியே வந்து கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தார். கிடைத்ததையெல்லாம் படித்தார். ஒருநாள் ரிக்‌ஷாவில் ஏறிய ஆசிரியை மாதிரியான ஒரு பெண்மணியிடம், படித்த புத்தகத்தில் புரியாத ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். 'ஜிஜீவிஷா' என்பது அந்தச் சொல். உயிர்வாழும் வேட்கை என்று அவர் அர்த்தம் சொன்னார். ரிக்‌ஷா இழுக்கிறவருக்கு இந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று விசாரித்து, தான் நடத்தும் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். அந்தப் பெண்மணி மகாஸ்வேதா தேவி. பத்திரிகை 'பர்த்திகா'. கூலியாட்களும் விவசாயிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் தாங்களே எழுதும் மேடையாக அதை அவர் மாற்றியிருந்தார். 1980களின் தொடக்கத்தில் பியாபாரியின் முதல் எழுத்து அதில் வந்தது. பிறகும் பல ஆண்டுகள் ஒரு பள்ளியில் சமையல்காரராக வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். தன்வரலாறு 2012இல் வந்தது. 2021இல் மேற்கு வங்க சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

'ரிக்‌ஷாக்காரர் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்' என்று இதைச் சொன்னால் இது ஸ்மைல்ஸ் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய கதை. அப்படித்தான் பத்திரிகைகள் சொல்லின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒருவர் ஒரு சொல்லைக் கேட்டார். இன்னொருவர் பதில் சொன்னதோடு நிற்காமல் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார். அந்தப் பக்கம் ஏற்கெனவே அதற்கென்று தயாராக இருந்தது. அது இல்லாவிட்டால் அந்தச் சந்திப்பு ஒரு ரிக்‌ஷா சவாரியாகவே முடிந்திருக்கும். லீட்ஸ் நகரத்துக் காலராக் கூடம் மாதிரி, 'பர்த்திகா'வும் ஒரு பரஸ்பர முன்னேற்றச் சங்கம்தான்.

தமிழில் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரி முதல் 1970 வரை 119 'எழுத்து' இதழ்களைக் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். புதுக்கவிதை என்று ஒன்று இங்கே காலூன்றியது அந்தப் பக்கங்களில்தான். செல்லப்பா தன் 'ஆளுமையை' வளர்த்துக்கொள்ள இதைச் செய்தாரா? தன் எழுத்து நேரத்தைத் தின்னக் கொடுத்து, மற்றவர்கள் எழுத ஓர் இடத்தைக் கட்டினார். 'எழுத்து' யாருக்கெல்லாம் இடம் கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்று சமூகப் பின்புலம் சார்ந்து அதன்மேல் விமர்சனம் வைக்கலாம், வைத்திருக்கிறோம். ஆனால் வேலையின் அர்த்தம் என்பது வேலை செய்கிறவருக்கு உள்ளே இல்லை, அது வெளியே திறந்துவிடுகிற இடத்தில் இருக்கிறது என்பதற்கு இது நம் கைக்கெட்டிய உதாரணம்.

என் முன்மொழிவுகள் இவைதான். ஒன்று: எழுத ஆசைப்படுகிற தோழரிடம், 'மக்கள் பணி இருக்கும்போது இது எதற்கு' என்று கேட்பதை நிறுத்த வேண்டும். ஓர் ஆளுக்குத் தனக்கென்று ஒரு பக்கம் வேண்டியிருப்பது சமூக மாற்றத்துக்கு எதிரான ஆசை இல்லை. கோனியும் ராஸசுந்தரியும் அந்த ஆசையிலிருந்துதான் தொடங்கினார்கள். இரண்டு: இலக்கிய முகாம்களில், சங்கக் கூட்டங்களில் யார் டீ போடுகிறார்கள், யார் பாய் விரிக்கிறார்கள், யார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதி, முறைவைத்துச் செய்ய வேண்டும். கட்டுரை வாசிக்கிறவரும் பாத்திரம் கழுவட்டும். மூன்று: முதல்முறை எழுதுகிறவரிடம் அனுபவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பாமல், வடிவம் பற்றி, மொழி பற்றி, கோட்பாடு பற்றி அவரோடு சண்டை போட வேண்டும். சமமாக நினைக்கிறவரோடுதானே சண்டை போடுவோம். நான்கு: வேலைநேரம் பற்றிய எந்தச் சட்டத்தையும், சுவரொட்டி ஒட்டுகிற தோழர்களின் பிரச்சினை என்று இலக்கியப் பத்திரிகைகள் இனியும் விட்டுவைக்கக் கூடாது.

இதெல்லாம் ரொம்பச் சின்ன விஷயங்களாகத் தெரியலாம். பெரிய விஷயங்களைப் பேசிப் பேசி நாம் சின்ன விஷயங்களை வீட்டிலிருக்கிறவர்கள் தலையில் கட்டியதன் விளைவைத்தான் மேலே பார்த்தோம். 'நான் எப்படி வளர்வது' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தனியாகக் கேட்கும்வரை அதற்குப் பதில் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. யாருடைய நேரத்தில் நான் இதை எழுதுகிறேன், என் பக்கத்துக்கு அடுத்த பக்கம் யாருக்காகக் காலியாக இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும். அவரவர் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.